மேடையேறாத பாட்டுகள்

அரியாங்குப்பத்தின் பெயரை உலகத்து ஆய்வாளர்கள் அறிந்துகொண்டது அரிக்கமேட்டால். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர்ச் சூளைகளில் செய்த சிவப்புப் பளபளப்புக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அந்தக் கலங்கள் எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. நாள் தெரிந்த பொருளை வைத்து நாள் தெரியாத பொருளைப் படிக்கும் இந்த வழி, அதே ஊரின் வேறொரு பழமைக்கும் பொருந்தும். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த பாட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். எந்தக் குழு எந்த வருஷம் எந்தத் தெருவில் என்ன பாடியது என்பதை யாரும் ஏட்டில் ஏற்றிவைக்கவில்லை. ஆனால் அந்த மேடைகள் பாடிய சினிமாப் பாட்டுகளுக்கு நாள் உண்டு. படமும் ஆண்டும் இசையமைப்பாளரும் யாவரும் அறிந்தவை. எது மேடையேறியது, எது ஏறவில்லை என்று பிரித்து அடுக்கினால், ஏறாத பாட்டுகளின் வரிசை நமக்கு ஒரு வரலாறு சொல்கிறது. அது மேடையின் வரலாறு என்பதைவிட, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் வரலாறு.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பம். கிழக்கே கடலோரம் வீராம்பட்டினம். அங்கே செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி மாதம் தேர்த் திருவிழா. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. ஆட்சி போன பிறகும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாக நிற்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பகலில் தேரும் தீமிதியும், இரவில் கச்சேரி. 1960களிலிருந்து ‘கச்சேரி’ என்றால் பெரும்பாலும் மெல்லிசைக் குழுதான், ஊர்ப் பேச்சில் ‘ஆர்கெஸ்ட்ரா’. ஒரு ஆர்மோனியம் அல்லது காம்போ ஆர்கன், ஒரு கிட்டார், தபேலா, பாங்கோ, தும்பா, வாய்ப்பு இருந்தால் அக்கார்டியனும் புல்லாங்குழலும், பாட இரண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல். சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள். ஆனாலும், ஊரே முணுமுணுக்கும் சில பாட்டுகளைச் சீட்டு அனுப்பிக் கேட்டாலும் பாட மாட்டார்கள். ‘நேரம் இருந்தால் பார்ப்போம்’ என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். குழுவுக்குத் திறமை போதவில்லை என்றே ஊர் அதற்குக் காரணம் சொல்லிவந்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதும், அந்தக் கலைஞர்களுக்கு அது பெரிய அநியாயம் என்பதும் என் வாதம். அந்தப் பாட்டுகள் மேடையில் நிற்கும்படி செய்யப்பட்டவையே அல்ல.

அப்படிச் சொல்வதற்கு, முதலில் மேடைக்கும் பதிவுக்கும் இடைவெளியே இல்லாத ஒரு காலம் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே படமாக்கப்பட்டது. எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைத்து நடத்துகிறார், டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன் நிற்கிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். அக்காலத்து ஒலிப்பதிவு அப்படித்தான் நடந்தது. பாடகரும் வாத்தியங்களும் சேர்ந்தே பாட வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினால் பல்லவியிலிருந்து எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும். அதாவது, அந்தக் கூடத்தில் நடந்ததும் ஒரு கச்சேரிதான், கேட்க ஆள் இல்லாத கச்சேரி. ஒரு தடவையாவது முழுதாகப் பாடி வாசித்துக் காட்டப்பட்ட பாட்டு அது. அதனால் இன்னொரு மேடையிலும் அதைப் பாட முடியும். பத்து வயலின் இருந்த இடத்தில் ஒரு அக்கார்டியன் வாசித்தால் சத்தம் மெலியுமே தவிர பாட்டு உடையாது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி.மகாதேவன் பாட்டுகள் இன்றும் எந்தச் சின்ன மேடையிலும் நிற்பதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மெட்டும் வரிகளும் எளிமையானவை என்பதால் அல்ல. அவற்றில் பல எளிமையானவையே அல்ல.

திறமை போதவில்லை என்ற வாதம் இங்கேதான் முதலில் அடிபடுகிறது. ‘திருவிளையாடல்’ 1965. அதில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’, டி.எம்.எஸ். பாடிய ‘பாட்டும் நானே’ இரண்டும் கர்நாடக சங்கீதத்தில் நல்ல பயிற்சி இல்லாதவர் தொட முடியாதவை. மெல்லிசை மேடைகள் இவற்றை ஒதுக்கவில்லை. மாறாக, ஒரு பாடகர் தன் தகுதியை நிறுவ எடுத்துக்கொண்ட பாட்டுகளே இவை. எங்கோ ஒரு ஸ்வரம் வழுக்கினாலும் கூட்டம் கைதட்டியது, முயற்சியைக் கண்ணால் பார்த்ததால். கடினம் என்பது மேடைக்குத் தடையாக இருந்ததே இல்லை. அது மேடைக்கு வேண்டிய சரக்கு. ‘கொஞ்சும் சலங்கை’யின் ‘சிங்கார வேலனே தேவா’ வேறு மாதிரி. 1962இல் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் அதில் சரிசமமாகப் பேசுகின்றன. மைக் இல்லாத வெளியில் நாதஸ்வரத்துக்கு ஈடாக ஒரு குரல் ஒலிக்கவே முடியாது. அந்தச் சமநிலையே கூடத்தின் கொடை. அதாவது, ஒற்றைப் பதிவுக் காலத்திலேயே கூடம் தன் வேலையைக் கொஞ்சம் தொடங்கிவிட்டிருந்தது.

திருப்பம் 1976க்குப் பிறகு. அதைச் செய்தவரே மேடையிலிருந்து வந்தவர் என்பதை நினைத்தால் வியப்புக் குறைவதில்லை. இளையராஜா சின்ன வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். சென்னைக்கு வந்த பின் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தவர். திறந்த வெளியில் ஆறேழு பேர் என்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு இசையமைப்பாளருக்குத் தெரிந்திருக்காது. அவரே, 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ படம் முடிந்த சில ஆண்டுகளில், ஆறேழு பேரால் ஆகாத பாட்டை எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ். வயலின்கள் ஒரே மெட்டைக் கூட்டாக இழுத்த பழைய முறை போய், ஒரு வரிசை ஒன்றைச் சொல்ல இன்னொரு வரிசை வேறொன்றைச் சொல்லும் முறை வந்தது. ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தின் ‘ஆனந்த ராகம்’ பாட்டில் உமா ரமணனின் குரலைச் சுற்றி அந்த வயலின்கள் செய்வதைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது மெட்டு மட்டும். பல்லவியும் சரணமும் பாடிவிடலாம். நடுவில் வரும் இசைக்கு என்ன செய்வது? ஊர்க் குழுவின் காம்போ ஆர்கன் ஒரு வரிசையை மட்டும் வாசிக்கும். கேட்பவர் காதில் மற்றொரு வரிசை ஒலித்துக்கொண்டே இருக்கும், மேடையில் இல்லாமல்.

ஆள் எண்ணிக்கை மட்டும்தான் சிக்கல் என்றால் பணத்தால் தீர்ந்திருக்கும். திருவிழாக் கமிட்டி கூடுதலாக வசூல் செய்து நாற்பது பேரை வரவழைக்கலாம். ஆனாலும் தீராது. ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982இல் வந்தது. ‘இளைய நிலா’வின் கிட்டார் விரல் விரலாகக் காதருகே கேட்கிறது, அதே நொடியில் பின்னே வயலின்களும் தாளமும். ஒற்றைக் கிட்டார் ஒரு கூட்டத்துக்கு முன்னே நிற்பது இயற்கையில் நடக்காத காரியம். மைக்கைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, மிக்ஸரில் மற்றதைத் தாழ்த்தி, செய்து வைத்த அண்மை அது. படத்தில் கதாநாயகன் மோகன் அந்தப் பாட்டைக் கையில் மைக்கோடு மேடையில் பாடுகிறார். அந்த ஆண்டுகளில் மேடைப் பாடகனே நாயகனாகும் படங்கள் வரிசையாக வந்து, ‘மைக் மோகன்’ என்றே பெயர் நிலைத்தது. திரையில் தெரிந்தது நாலைந்து வாத்தியக்காரர்கள் உள்ள மேடை, காதில் விழுந்தது முழுக் கூடம். மேடையில் இதெல்லாம் ஆகும் என்று நம்பவைத்தது சினிமா. அந்த நம்பிக்கைக்கு வட்டி கட்டியவர்கள் ஊர்க் குழுவினர். 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ இதற்கு நேர்மாறு. ஒரு இசைக்குழுவின் கதை, விஸ்வநாதனின் இசை. ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டை எத்தனையோ குழுக்கள் கச்சேரியைத் தொடங்க வைத்துக்கொண்டன. டிரம்ஸ், கிட்டார், உற்சாகமான ஒரு குரல் இருந்தால் அந்தப் பாட்டு முழுதாக எழுந்து நின்றுவிடும்.

சத்தம் கொஞ்சம் மெலிந்தால் என்ன, பழைய பாட்டுகளுக்குப் பொறுத்துக்கொண்ட கூட்டம் இவற்றுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டத்தின் காது இடையில் மாறிவிட்டது என்பது என் பதில். கடலோர ஊர்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது; ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. 1980களில் கேசட் வந்தது. வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஒருவர் ஒரு பாட்டைப் படத்தோடு இரண்டு முறை கேட்டது போய், நாடா தேயும்வரை கேட்டார். எங்கே சலங்கை குலுங்கும், எங்கே புல்லாங்குழல் மூச்சு வாங்கும் என்பது வரை மனப்பாடம். எல்லாவற்றுக்கும் மேலே, திருவிழாவிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. காப்புக் கட்டிய நாளிலிருந்து மரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரில் பகல் முழுக்க ரெக்கார்டு ஓடும். இரவு அதே திடலில், அதே பாட்டை மனிதர்கள் பாட வேண்டும். காலையில் கேட்டதற்கும் இரவில் கேட்பதற்கும் இடையே ஒரு பகல்தான். ‘ரெக்கார்டு மாதிரியே பாடுறான்’ என்பது உச்சப் பாராட்டானது இப்படித்தான். அந்த ஒரு சொல் மேடையைப் பதிவின் நிழலாக்கியது. தெருக்கூத்துக்காரர் ஒருவரை ‘போன வருஷம் மாதிரியே ஆடினார்’ என்று யாரும் புகழ மாட்டார்கள்.

1990இல் வந்த ‘கேளடி கண்மணி’ படத்தின் ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ பாட்டில் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. சரணத்தில் மூச்சு வாங்கும் இடமே கேட்பதில்லை. ஒலிப்பதிவு நுட்பத்தின் துணையோடு ஆனது அது என்பதைப் பாடிய எஸ்.பி.பி.யே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த உண்மை ஊர்த் திடல் வரை வந்து சேரவில்லை. மேடைப் பாடகர்கள் அந்தப் பாட்டை விடவும் இல்லை, பாடி நிம்மதியாக இருக்கவும் இல்லை. கூட்டம் பாட்டைக் கேட்காமல் மூச்சை எண்ணியது. எந்த மனிதரும் ஒரே வீச்சில் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று ஒரு பாடகரைக் குறை சொல்வது எவ்வளவு கொடுமை! தொண்டைப் பயிற்சியில் வருஷங்களைக் கரைத்தவர்கள் அவர்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் ‘ரிவால்வர்’ தொகுப்பை வெளியிட்டார்கள். நாடாத் துண்டுகளைச் சுழலவிட்டும் திருப்பி ஓட்டியும் செய்த பாட்டுகள் அதில் இருந்தன. அதே மாதம் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் பாடவில்லை. ஆகஸ்ட் 29இல் சான்பிரான்சிஸ்கோவோடு கட்டணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார்கள். குவீன் குழுவினர் 1975இல் பதிந்த ‘பொஹீமியன் ராப்சடி’யின் நடுப்பகுதியில் குரல் மேல் குரலாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேடையில் அந்த இடம் வந்தால் ஒலிநாடாவை ஓடவிட்டு நால்வரும் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அது முடிந்ததும் திரும்பி வந்து மீதியை வாசிப்பார்கள். உலகத்தின் மிகத் தேர்ந்த மேடைக் கலைஞர்கள், எந்த வசதிக்கும் குறைவில்லாதவர்கள், தங்கள் சொந்தப் பாட்டின் முன் எடுத்த முடிவு இது. அரியாங்குப்பத்து மேடையில் சீட்டை மடித்து வைத்த பாடகர் எடுத்ததும் அதே முடிவுதான். அவரை மட்டும் திறமை இல்லாதவர் என்பதா?

இதற்குப் பின் வந்த அடுக்கு இயந்திரத்தால் ஆனது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ இசைக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். தாளத்தை விரல் வாசிக்காமல் எழுதிவைத்த கட்டளை வாசித்தது. 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபோது, எல்லோரும் ஒரே கூடத்தில் கூடும் வழக்கமே தளர்ந்தது. கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பங்கை வாசித்துப் போவார்கள்; பாட்டு பிறகுதான் உருவாகும். பாட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்தவர் என்று ஒருவரும் இல்லை. அதை மேடையில் ‘மறுபடி’ வாசிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, முதல் முறை என்று ஒன்று நடந்திருந்தால்தானே? அடுத்த ஆண்டு வந்த ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’யை நான் தனியாக எடுத்துப் பேச விரும்புகிறேன். சாகுல் ஹமீதின் குரல், அதைத் தாங்கும் கூட்டுக் குரல்கள், அவ்வளவுதான். வாத்தியம் என்று சொல்ல ஏதும் இல்லை. வாத்தியப் பற்றாக்குறைதான் ஊர்க் குழுக்களின் குறை என்றால், ஏழைக் குழுவுக்கும் எட்ட வேண்டிய முதல் பாட்டு இது. தும்பாகூடத் தேவையில்லை. ஆனாலும் ஊர் மேடைகளில் இது அரிதாகவே ஒலித்தது. கிராமத்து ஒப்பாரியின் சாயலில் தொடங்கும் அந்தப் பாட்டு அரங்கில் அழவைக்கும். மேடையில் இரண்டு ஆண் குரலும் ஒரு பெண் குரலும் சேர்ந்து பாடினால் வெற்றுச் சுவராக நிற்கும். அடுக்கடுக்காகப் பதிந்த குரல்களின் கனம்தான் அதன் உயிர். பணம், வாத்தியம், திறமை என்ற மூன்று காரணங்களும் இந்த ஒரு பாட்டின் முன் நிற்கவில்லை.

வேறு இரண்டு மறுப்புகளையும் பார்த்துவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்துக்குக் குத்துப்பாட்டுதான் வேண்டும், மென்மையான பாட்டுக்கு எழுந்து போய்விடுவார்கள், அதனால்தான் பாடுவதில்லை என்பது ஒன்று. பாதி உண்மை. நள்ளிரவுக்கு மேல் தூக்கத்தை விரட்ட வேகப் பாட்டு வேண்டும்தான். ஆனால் அதே மேடையில் பி.பி.ஸ்ரீனிவாஸின் மெதுவான பாட்டுகளுக்கு ‘ஒன்ஸ் மோர்’ கிடைத்ததும் உண்மை. ஆகவே மென்மை குற்றவாளி அல்ல. பதிப்புரிமை என்பது இரண்டாவது. 2017இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கப் பயணத்தின்போது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. எஸ்.பி.பி. அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாடினார். சட்டம் ஒரு பாட்டை மேடையிலிருந்து இறக்கக்கூடும் என்பதற்கு அது தெளிவான சான்று. ஆனால் அது டிக்கெட் விற்ற பெரிய அரங்குகளின் கதை. அதற்கு முப்பது ஆண்டு முன்பே ஊர் மேடைகளில் விடுபட்ட பாட்டுகளுக்கு அதைக் காரணமாக்க முடியாது. தவிர, சட்டம் விலக்கியிருந்தால் ஒரு இசையமைப்பாளரின் எல்லாப் பாட்டும் ஒருசேர விலகியிருக்கும். ‘அன்னக்கிளி’ நின்று ‘ஆனந்த ராகம்’ நழுவியிருக்காது.

இளையராஜாவே தன் பாட்டுகளோடு மேடைக்கு வரத் தயங்கினார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குப் பின் அவர் பெரிய மேடைக் கச்சேரி செய்தது 2005 அக்டோபர் 16இல், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில். நோட்ஸ் முழுக்க அவர் கையில், வாசித்தவர்களில் பலர் பதிவிலும் வாசித்தவர்கள். அவர் கச்சேரிகளைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். யாராவது பிசகினால் பாட்டை நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். சிலர் அதைக் கடுமை என்றார்கள். எனக்கு அதில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பழைய சட்டம் தெரிகிறது: ஒருவர் பிசகினால் எல்லோரும் பல்லவியிலிருந்து. அந்தப் பாட்டுகள் பிறந்த நிபந்தனையை மேடைக்கே கொண்டுவந்தால்தான் அவை நிற்கும் என்று அவற்றை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. விடியும்வரை ஐம்பது பாட்டு பாட வேண்டிய ஊர்க் குழுவுக்கு அந்தச் சலுகை எங்கே?

இன்றைக்கு எந்தப் பாட்டையும் பாடலாம் என்பார்கள். குரலை மட்டும் நீக்கிய மைனஸ் ட்ராக் பென்டிரைவில் கிடைக்கிறது. ‘ராசாத்தி’யின் கூட்டுக் குரல்களும் ‘ஆனந்த ராகம்’ வயலின்களும் அதிலேயே வந்துவிடுகின்றன. நாற்பது ஆண்டுத் தடை ஒரு விரல் நீளப் பொருளால் நீங்கியதாகத் தோன்றும். ஆனால் நடந்திருப்பது என்ன? குவீன் நால்வர் நடுப்பகுதிக்கு மட்டும் மேடையை விட்டுப் போனார்கள். நம் ஊரில் தும்பா வாசித்தவரும் அக்கார்டியன்காரரும் புல்லாங்குழல்காரரும் பாட்டு முழுவதற்கும் போய்விட்டார்கள். ஒரு லேப்டாப், ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர்கள் என்று குழு சுருங்கியிருக்கிறது. பகலில் மரத்து ஸ்பீக்கரில் ஓடிய அதே பதிவு, பாடகரின் குரல் மட்டும் கழிந்து, இரவில் மேடை ஸ்பீக்கரில் ஓடுகிறது. இதைப் பாட்டு மேடையேறியதாக நான் கணக்கில் எடுக்கவில்லை. பழைய குழுக்களில் வாசித்தவர்கள் பலர் இன்னும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டை எப்படிச் சுருக்கினார்கள், இரண்டு வயலின் வரிசையில் எதை எடுத்து எதை விட்டார்கள், எந்தச் சீட்டை ஏன் மடித்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவிலும், கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களிலும்தான் இருக்கின்றன. அரிக்கமேட்டு ஓடுகளைப் போல இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து காத்திருக்கக் கூடியவை அல்ல அந்த நோட்டுகள்.